பீடோங்கில் படிக்க வந்தவர்கள் விடுமுறை நாளில் எங்கே போவது?

கேள்வி: 9 பிப்ரவரி 2024

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங்கில் படிக்க வந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஒரு பெரிய சாலை, இருபுறமும் கடைவரிசை, அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறான் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. பினாங்குக்கு ஓடுவதைத் தவிர இங்கே படிப்பவர்களுக்கு வேறு வழியில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இடத்தின் பெயரைச் சொல்லி மறுக்கவும்.

10 பிப்ரவரி 2024

மெர்போக். பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மேற்கே போனால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. அதற்கு மேலே மலைச்சரிவில், ஓடையை ஒட்டி, புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளம் இருக்கிறது. நீங்கள் தினமும் பார்க்கும் அதே ஜெராய் மலையின் அடிவாரம்தான் அது.

நான் நாகப்பட்டினத்துக்காரி, மருந்தியல் படிக்கிறேன். இங்கே வருவதற்கு முன் கடாரம், அதாவது இன்றைய கெடா, என்பது எனக்குப் பள்ளித் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா, அவ்வளவுதான். கடாரத்து அரசன் எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பியதும், அதற்காக இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததும், அவன் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பி அதே கடாரத்தைத் தாக்கியதும் பாடநூலில் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. கொடுத்த கையும் அடித்த கையும் ஒரே குடும்பத்தின் கைகள் என்பது இங்கே வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

பலர் அங்கே போய்க் கோபுரம் எங்கே என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். மண்டபத் தரையில் வரிசையாக இருக்கும் கல் பீடங்களைக் குனிந்து பாருங்கள். மரத்தூண் நிற்பதற்கான குழிகள் தெரியும். மேற்பகுதி மரமும் ஓலையுமாக இருந்து இற்றுப்போனது, கல் மட்டும் எஞ்சியது. அருங்காட்சியகத்துக்குள் குழி குடைந்த கற்பேழைகளை வைத்திருக்கிறார்கள். அவை பொன்னும் மணியும் இட்டுக் கோயிலின் அடியில் புதைத்தவை. எங்கள் தெருக் கோயில் திருப்பணியில் பீடத்துக்கு அடியில் நவமணி வைத்ததைச் சிறுவயதில் எட்டிப் பார்த்தவள் என்பதால் அந்தப் பேழைக்கு எனக்கு விளக்கப் பலகை தேவைப்படவில்லை. வளாகத்தில் இருக்கும் மற்றக் கோயில்கள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி அடுக்கப்பட்டவை. தன் இடத்திலேயே நிற்பது புக்கிட் பத்து பஹாட்தான்.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராசேந்திரன் கட்டிய கோயில் என்று படம் எடுத்துப் பரப்பாதீர்கள். அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. காற்று திசை மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் தங்கிய துறைமுகப் பகுதி இது. தங்கியவர்களுக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு படையெடுப்பு தேவையில்லை.

11 பிப்ரவரி 2024

எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். போவதற்குக் கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் கிடைக்கும், திரும்புவதற்குக் கிடைப்பது அரிது. உரிமம் இல்லாமல் நண்பரின் மோட்டாரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வழியில் போலீஸ் சோதனை இருந்தால் மாணவர் விசாவோடு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவின் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அந்த நாள்களில் வேன் சும்மா நிற்கும். எண்ணெய்க் காசையும் அவருடைய சாப்பாட்டையும் பகிர்ந்துகொண்டால் ஒரு வண்டி நிறையப் போய்வரலாம். உங்கள் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். நானும் தோழிகளும் அவரை மாமா என்று கூப்பிடுகிறோம். இனி வேன் மாமா என்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் போய் மூடிய கதவின் முன்னால் நிற்காமல், சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

18 பிப்ரவரி 2024

நேற்று குவாலா மூடாவுக்குப் போயிருந்தோம். மூடா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மீன் சந்தை இருக்கிறது. பாசார் பீசிக், அதாவது கிசுகிசுப்புச் சந்தை, என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். படகுகள் கரைக்கு வரும் நேரத்தைப் பொறுத்து முற்பகலிலிருந்து பிற்பகல்வரை நடக்கும். கூடைகளில் மீனைக் கொட்டியதும் வியாபாரிகள் சுற்றி நிற்கிறார்கள். ஏலம் விடுபவரின் தோளை ஒவ்வொருவராக அணைத்து, காதில் தங்கள் விலையைச் சொல்லிவிட்டு விலகுகிறார்கள். எல்லார் விலையும் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அதிக விலை சொன்னவரைக் கையால் காட்டுகிறார், கூடை நகர்கிறது. அவ்வளவு பேர் கூடி நிற்கும் இடத்தில் யாரும் உரக்கப் பேசாதது எனக்கு முதலில் ஏதோ துக்க வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வைத் தந்தது.

நான் அக்கரைப்பேட்டையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் துறைமுகத்தில் ஏலக்காரரின் தொண்டைதான் அவருடைய முதல். விலை ஏற ஏறக் கூட்டமும் சேர்ந்து கத்தும், ஒருவர் மேல் ஒருவர் வீம்புக்கு ஏற்றுவார்கள், அந்த வீம்பில் கடலுக்குப் போனவனுக்கு நாலு காசு கூடும். அதனால் இந்தக் காதுப் பேச்சைப் பார்த்ததும் இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வேன் மாமாவிடம் கேட்டேன். சிறு வியாபாரி என்ன விலை கேட்டுத் தோற்றான் என்பது பெரிய வியாபாரிக்குத் தெரியாது, அதனால் இங்கே யாருக்கும் மானக்கேடு இல்லை என்றார். எங்கள் அப்பாவுக்குக் கைப்பேசியில் காட்டியபோது அவர் கேட்டது வேறு: “காதுல சொன்னத அந்த ஆள் சரியாத்தான் சொல்றான்னு படகுக்காரனுக்கு எப்படித் தெரியும்?” அந்தக் கேள்விக்கு வேன் மாமாவிடமும் பதில் இல்லை. ஏலம் விடுபவர்மேல் இருக்கும் நம்பிக்கையை வைத்துத்தான் சந்தையே நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த நம்பிக்கை எங்கள் ஊரில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பயனில்லை. பெரும்பாலான படகுகள் அன்று கடலுக்குப் போவதில்லை.

19 பிப்ரவரி 2024

பாசார் பீசிக் கெடாவில் இல்லை, பினாங்கு மாநிலத்தில் இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மைதான். அந்த இடத்தில் மூடா ஆறுதான் எல்லை. வடகரை கெடா, தென்கரை பினாங்கின் செபெராங் பிறை. ஆகவே கேள்வி கேட்டவர் வென்றார். பினாங்குக்குத்தான் போக வேண்டும், பாலம் ஏறாமலும் ஃபெர்ரி ஏறாமலும்.

2 மார்ச் 2024

இந்த ஊரில் ஹார்வர்டில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவும் அவர்களில் ஒருவர். “நான் ஹார்வர்ட்ல படிச்சவ, ஆறாங்கிளாஸ் வரைக்கும்” என்று அவர் முதன்முறை சொன்னபோது என் அறைத்தோழியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பீடோங்கை ஒட்டிய தோட்டத்தின் பெயர் ஹார்வர்ட். அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது. இந்த நகைச்சுவை இங்கே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது; புதிதாக வருகிறவர்கள்மேல் அதைச் சோதித்துப் பார்ப்பது இவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டதற்கு அவர் முதலில் சிரித்தார். பார்க்க என்ன இருக்கிறது என்றார். பிறகு ஒரு நாள் அவரே கூட்டிக்கொண்டு போனார். காவல் கொட்டகையில் பெயர் எழுதி, அவருக்குத் தெரிந்த கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனோம். தோட்டம் தனியார் நிலம், நீங்களாகப் போய் நுழையாதீர்கள். பதினேழு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர் அவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. செம்மண் பாதையில் நின்று, இது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம், அது பால் நிறுக்கிற இடம், அந்த மேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை என்று அவர் கைகாட்டிய திசையில் எல்லாம் எனக்குத் தெரிந்தது வரிசை மாறாத செம்பனை மட்டுமே. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தை ஒரு மாமரத்தை வைத்து அடையாளம் கண்டார். அம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. ஊர் ஊராகச் சிதறிப் போனவர்கள் திருவிழாவுக்கு அங்கே திரும்பி வருகிறார்கள்.

அங்கே நின்றுகொண்டுதான் கள்ளுக்கடைக் கதையைச் சொன்னார். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம். ஜப்பானியர் போன பிறகு, 1946-47இல், கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் திரண்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் அதற்கு முன்னின்றார். கள்ளுக்கடை மறியல் போலீஸோடு மோதலாக முடிந்தது, 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் உயிரிழப்பும் கைதுகளும் நிகழ்ந்தன. வீட்டுக்காரம்மாவின் தகப்பனார் அந்தப் படையில் பயிற்சி நடை நடந்தவர். அவர் பிற்காலத்தில் குடித்தாரா என்று கேட்டேன். “குடிக்காம? கடைசி வரைக்கும் குடிச்சாரு. ஆனா அந்தக் கடையில குடிக்கல” என்றார்.

அங்கே இப்போது வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

4 மார்ச் 2024

“செம்பனையைப் பார்க்கவா வேன் பிடித்துப் போக வேண்டும், அது விடுதிச் சன்னலிலேயே தெரிகிறதே” என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தனியாகப் போனால் செம்பனைதான். தோட்டத்து ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குப் பெயர்ப்பலகை இல்லை. அங்கே இருந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கைகாட்டினால்தான் தெரியும். கைகாட்டக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். வேகமாக நடக்க மாட்டார்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்பார்கள், நடுவில் கோப்பி வாங்கித் தர வேண்டும். உங்கள் கால அட்டவணையை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

23 மார்ச் 2024

நோன்பு மாதம் தொடங்கிவிட்டதால் ஒரு வரி: பகலில் மலாய்க்காரர் கடைகள் மூடியிருக்கும், நம் கடைகளும் சீனர் கடைகளும் திறந்திருக்கும், மாலையில் நோன்புச் சந்தைக்குப் போனால் வழக்கமாகக் கிடைக்காத பலகாரம் எல்லாம் கிடைக்கும். வாங்கிய கையோடு அங்கேயே நின்று தின்னாதீர்கள்.

28 ஏப்ரல் 2024

அருவிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். ஜெராய் மலை 1,200 மீட்டருக்குச் சற்று அதிக உயரம். கடலோரத்தில் தனியாக நிற்பதால் மேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் சரிவுகளில் அருவிகளுக்குக் குறைவில்லை: மெர்போக் பக்கம் தூப்பா, யான் பக்கம் தித்தி ஹாயுன். தூப்பாவில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அழகாகத் தேங்கும், கூட்டமும் குறைவு.

ஆனால் தயங்கித்தான் எழுதுகிறேன். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுவராக இறங்கும். இங்கே அதைக் கெபாலா ஆயர் என்பார்கள். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் இந்த மலையிலிருந்து மரமும் பாறையும் சேறுமாக வெள்ளம் இறங்கி, யான் வட்டாரத்தில் வீடுகளை மூடி உயிர்களைக் கொண்டுபோனது. வேன் மாமா எங்களை அழைத்துப் போகும்போது முதலில் மலை உச்சியைப் பார்ப்பார். உச்சி தெரியவில்லை என்றால் வண்டி அருவிப் பக்கம் திரும்பாது. நாங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் செமிலிங்கில் தே தாரிக்கோடு அந்த நாள் முடிந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். இதற்குமேல் இந்த இடத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

5 மே 2024

சுங்கை பத்து அகழாய்வு இடத்தைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் இருந்தன, இப்போது ஒன்றாகிவிட்டது. முதல் ஆண்டில் மூத்த மாணவர்களோடு நடுப்பகலில் போனபோது, கூரைக்கு அடியில் செங்கல் மேடுகள், அவ்வளவுதான் என்று தோன்றியது. சென்ற மாதம் அங்கே மண் அள்ளும் வேலைக்குப் போயிருந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு மறுபடி போனேன். வேன் மாமாவின் பள்ளித் தோழர் அவர்.

செம்பனைக் காட்டுக்குள் இருந்த இந்த இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் அகழ்ந்தார்கள். இரும்பு உருக்கிய இடங்களும் படகுத்துறைகளும் ஒரு வழிபாட்டு மேடையும் வெளிவந்தன. உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழல்களின் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. படகுத்துறை எப்படி நிலத்துக்கு நடுவே இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எதிரில் இருந்த தாழ்வான நிலத்தைக் காட்டினார். அந்தக் காலத்தில் மெர்போக் கழிமுகம் இன்னும் உள்ளே வந்திருந்தது. வண்டல் சேர்ந்து கடல் விலகிவிட்டது. நான் செங்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் தண்ணீர் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மேடு முழுவதும் துறைமுகமாகத் தெரிந்தது.

கால வரையறை பற்றி ஒரு சொல். வழிபாட்டு மேடையைக் கி.பி. 110ஆம் ஆண்டளவு என்கிறார்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்ற கணிப்பும் அடிபடுகிறது. அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பழையது என்று அடித்துச் சொல்லும் வழிகாட்டியைப் பார்த்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களில் பதினொன்றாம் எண் இடப்பட்டதைத் தேடிப் போகாதீர்கள். அது 2013இல் வீட்டுமனைக்காக இடிக்கப்பட்டது, ஆண்டின் இறுதியில்தான் செய்தி வெளியே வந்தது. நிலம் தனியாருடையது, மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை, அதனால் தடுப்பதற்கும் வழி இருக்கவில்லை. மெர்போக்கில் கோயில்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியிருப்பதை முன்பு கொஞ்சம் குறையாக நினைத்தேன். இந்தச் செய்தியைப் படித்த பிறகு, பெயர்த்ததால்தான் அவை பிழைத்தன என்று நினைக்கிறேன்.

29 ஜூன் 2024

கோத்தா குவாலா மூடா. ஆற்றின் இந்தக் கரையில், கெடாவுக்குள் இருக்கிறது. பாசார் பீசிக்குக்குப் போகும்போது இதை வேன் மாமா என்னிடம் சொல்லவில்லை. என் ஊரின் பெயர் தெரிந்ததால் சொல்லத் தயங்கினாராம். இங்கே ஆழிப்பேரலை நினைவிடம் இருக்கிறது. அலையில் சிதைந்த மீனவர் படகுகளையும் வைத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று நான் கைக்குழந்தை. எனக்கு நினைவு எதுவும் இல்லை. வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேசுவதும் குறைவு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அக்கரைப்பேட்டையில் இழப்பு இல்லாத வீடு குறைவு. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில். எண்களை அடுத்தடுத்து வைத்தால் இந்தக் கரை தப்பித்தது என்றுதான் தோன்றும். சுமத்ரா தீவு குறுக்கே நின்று இவர்களைக் காத்தது. கூட வந்த தோழி அப்படித்தான் சொன்னாள். அந்தக் கூடத்தில் இருந்த பெரியவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் வீட்டில் இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை.

நேரத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. இங்கே அலை வந்தது பகல் ஒரு மணிக்கு மேல். எங்கள் ஊரில் காலை ஒன்பது மணியளவில், அதாவது மலேசிய நேரப்படி பதினொன்றரை. நிலநடுக்க மையத்திலிருந்து நாகப்பட்டினம் இந்த இடத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகத் தொலைவு. ஆனாலும் அலை முதலில் வந்தது எங்களிடம். பிளவு வடக்கே அந்தமான்வரை நீண்டதால் வங்கக் கடலின் ஆழத்தில் அலை தடையில்லாமல் ஓடியது. இந்தப் பக்கம் சுமத்ராவைச் சுற்றி வளைந்து, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் வேகம் இழந்து ஊர்ந்தது. எங்கள் ஊரில் அலை வந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் இங்கே ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரையில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும், ஆனால் யார் யாரை அழைப்பது?

அப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசினார். அவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

2 ஜூலை 2024

சுங்கை பட்டாணி மாணவி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: இவை எல்லாம் நாங்கள் பள்ளிச் சுற்றுலாவிலேயே பார்த்தவை, வெளியூர்க்காரர்கள் வந்து யாரும் அறியாத இடம் என்று பட்டியல் போடுவது வேடிக்கை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாம் தெரிந்திருக்கும் என்பதும் இல்லை. நாகையில் பிறந்த நான் பக்கத்தில் இருக்கும் ஆனைமங்கலத்துக்கு இதுவரை போனதில்லை. அந்த மாணவியிடம் பாசார் பீசிக்கைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அப்பா வாங்கி வந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. அடுத்த முறை அவரும் வேனில் வருகிறார்.

28 ஜூலை 2024

சற்று விலகிப் போகிறேன், ஆனால் ரயிலில் போய்வரலாம் என்பதால் சொல்கிறேன். சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் போகும் கொம்யூட்டரில் ஏறிப் புக்கிட் மெர்த்தாஜாமில் இறங்குங்கள். ஜூலை 26 புனித அன்னாள் திருநாள். அதையொட்டி அங்குள்ள ஆலயத்துக்குப் பல இனத்தவரும் பெருங்கூட்டமாக வருகிறார்கள், தமிழ்த் திருப்பலியும் உண்டு. வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர்க்காரியான எனக்கு மெழுகுவத்தி வாசனையும் நெரிசலும் புதிதல்ல. ஒரே தட்டில் மெழுகுவத்தியும் மல்லிகையும் ஏந்தி நின்ற சீன மூதாட்டிதான் புதிது.

அந்த வளாகத்திலேயே செரொக் தோக்குன் பாறை இருக்கிறது. பழைய இந்திய எழுத்துப் பொறித்த பாறை. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். திருநாள் கூட்டத்தில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்து பெரிதும் தேய்ந்துவிட்டது, நானும் எதையும் படித்துவிடவில்லை. பார்க்க வேண்டுமென்றால் கூட்டம் இல்லாத நாளில் போங்கள்.

16 ஆகஸ்ட் 2024

வீட்டுக்காரம்மாவின் பாட்டியும் தாத்தாவும் நாகப்பட்டினத்து டிப்போவில் (கப்பலுக்குக் காத்திருப்பவர்களைத் தங்கவைத்த முகாமில்) தங்கிக் கப்பல் ஏறியவர்கள் என்று இன்றைக்குத்தான் சொன்னார். நான் ஓராண்டுக்கும் மேலாக அவர் வீட்டில் இருக்கிறேன். நாகை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீ கேக்கலியேம்மா” என்றார். அந்த டிப்போ எங்கே இருந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

17 ஆகஸ்ட் 2024

தஞ்சோங் டாவாய் பற்றிக் கேட்டவர்களுக்கு: மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்து மீனவ ஊர் அது. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. சாலையில் போனால் சுங்கை பட்டாணி வழியாக வெகுதூரம் சுற்ற வேண்டும். படகில் சில நிமிடம். இருட்டும்வரை அக்கரையில் இருந்துவிடாமல் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கரையோரம் முழுவதும் நெத்திலியும் கருவாடும் விற்கிறார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. வேன் மாமா இதை ஏற்கவில்லை, வண்டி செமிலிங் வரும்வரை விவாதம் நடந்தது. வாங்குவதாக இருந்தால் இரண்டு பைகளில் இறுகக் கட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை நாம் போய்வரும் அதே வேனில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், சென்ற முறை ஒரு தாயார் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.